உருளைக்கிழங்கு நடவு இயந்திரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் நிலம் இரண்டு ஏக்கர், அதுவும் மூன்று துண்டு. ஆள் உட்கார்ந்து கையால் கிழங்கு போடும் இரண்டு வரிசை இயந்திரம் போதுமா? இல்லை, கப் வைத்துத் தானாகவே எடுத்துப் போடுகிற இயந்திரம் வாங்க வேண்டுமா?

வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பாதி முடிவு அதிலேயே தெரிந்துவிடும். கையால் போடும் இயந்திரத்தில் வேகத்தை முடிவு செய்வது டிராக்டர் அல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவரின் கை. நாள் முழுக்க வேலை செய்யும்போது ஒருவரால் நிமிடத்துக்கு 80 கிழங்கு அளவுக்குத்தான், கிழங்கு போடும் அறை ஒன்றும் தவறாமல், போட முடியும். கிழங்குக்குக் கிழங்கு 25 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 20 மீட்டர், மணிக்கு 1.2 கி.மீ. வரிசை இடைவெளி 60 செ.மீ., ஒரே ஓட்டத்தில் இரண்டு வரிசை, திரும்பவும் கிழங்கு நிரப்பவும் மூன்றில் ஒரு பங்கு நேரம் போகும் என்று வைத்தால், ஏக்கருக்கு நாலேகால் மணி நேரம் ஆகும். உங்கள் இரண்டு ஏக்கருக்கு ஒரு நீண்ட பகல். கப் இயந்திரம் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஏக்கரை ஒன்றே முக்கால் மணியில் முடித்துவிடும். ஆனால் துண்டு நிலத்தில் அந்த லாபத்தில் ஒரு பங்கு திருப்பத்திலேயே போய்விடும்.

உங்கள் அளவுக்குக் கையால் போடும் இயந்திரமே சரி என்பது எங்கள் கருத்து. கிழங்கு ஒரே அளவாக இல்லாவிட்டாலும், வெட்டிய விதையாக இருந்தாலும், கொஞ்சம் முளை நீண்டிருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும். கப் இயந்திரம் அப்படி இல்லை. சலித்துத் தரம் பிரித்த விதையைக் கொடுத்தால்தான் ஒழுங்காக நடும்.

வாங்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். உங்கள் டிராக்டர் முதல் கியரில், என்ஜின் திணறாமல், நிமிடத்துக்கு 20 மீட்டர் என்ற அளவுக்கு மெதுவாகப் போகுமா? 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, கடிகாரம் வைத்துப் பாருங்கள். 60 விநாடிக்குப் பதில் 35 விநாடியில் கடந்துவிட்டால் உட்கார்ந்திருப்பவர்கள் தடுமாறுவார்கள், வரிசையில் வெற்றிடம் விழும். அந்த டிராக்டருக்கு மெதுவாக ஓடும் தனி கியர் இல்லையென்றால் கையால் போடும் இயந்திரம் பொருந்தாது.

பழைய கப் இயந்திரம் ஒன்று கிடைத்தது. 22 செ.மீ. இடைவெளிக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். வயலில் தோண்டிப் பார்த்தால் 25, 26 வருகிறது. எங்கே மாற்றுவது?

முதலில் இயந்திரம் உண்மையில் எத்தனை செ.மீ.-க்கு அமைந்திருக்கிறது என்று நீங்களே கணக்கிடுங்கள். முதலில் நாலு அளவு: தரையில் உருண்டு கப் பெல்ட்டை ஓட்டும் தரைச்சக்கரத்தின் சுற்றளவு, சக்கரத்தோடு சுழலும் பல்சக்கரத்தின் பற்கள், கப் பெல்ட்டை ஓட்டும் ஷாஃப்ட்டில் உள்ள பல்சக்கரத்தின் பற்கள், பெல்ட்டில் கப்புக்குக் கப்பு உள்ள தூரம். இவற்றோடு பெல்ட் உருளையின் சுற்றளவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறோம். தரைச்சக்கரத்தின் விட்டம் 50 செ.மீ., சுற்றளவு 157 செ.மீ. சக்கரத்தில் 21 பல், ஷாஃப்ட்டில் 14 பல். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஒன்றரைச் சுற்று சுற்றும். உருளையின் விட்டம் 18 செ.மீ. என்றால் அதன் சுற்றளவு 56.5 செ.மீ., பெல்ட் நகர்வது ஏறக்குறைய 85 செ.மீ. கப்புகள் 12 செ.மீ.-க்கு ஒன்று. ஆக ஒரு சுற்றுக்கு 7 கப் கீழே வரும். 157-ஐ 7.07-ஆல் வகுத்தால் 22.2 செ.மீ. ஷாஃப்ட்டில் 14-க்குப் பதில் 16 பல் மாட்டினால் 25.4 செ.மீ. ஆகிவிடும், 18 பல் என்றால் 28.6. முன்பு வைத்திருந்தவர் பல்சக்கரத்தை மாற்றிவிட்டு அப்படியே விற்றிருக்கலாம். பல்லை எண்ணிப் பாருங்கள்.

பல் சரியாக இருந்தால் அடுத்துச் சந்தேகப்பட வேண்டியது சக்கரத்தின் வழுக்கல். சக்கரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கிழங்கு நிரப்பி, சால் கீறும் கொழு மண்ணில் இறங்கி நடும் நிலையிலேயே ஓட்டி, 10 சுற்றில் எத்தனை தூரம் போகிறது என்று அளங்கள். 15.7 மீட்டர் வர வேண்டும். 17 மீட்டர் வந்தால் நூற்றுக்கு எட்டு பங்கு வழுக்கல், 22.2 செ.மீ. உடனே 24 ஆகிறது. ஈர மண் சக்கரப் பற்களுக்கு இடையில் அப்பிக்கொண்டால் வழுக்கல் இன்னும் கூடும். மண் வழிக்கும் தகடு இருந்தால் சக்கரத்திலிருந்து விரல் தடிமன் இடைவெளி விட்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்றை அடித்துப் பொருத்துங்கள். சக்கரத்தைத் தரையில் அழுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான்.

எதையும் மாற்றும் முன் 10 மீட்டர் வரிசையைத் தோண்டி, ஒவ்வொரு கிழங்குக்கும் இடையே அளந்து எழுதுங்கள். எல்லா இடைவெளியும் ஒரே மாதிரி 25, 26 என்று வந்தால் பல்சக்கரமோ வழுக்கலோ காரணம். பெரும்பாலும் 22 வந்து நடுநடுவே 44 வந்தால் இயந்திரத்தின் அமைப்பு சரி, கப்பு காலியாக வருகிறது. அதற்கான மருந்து வேறு, அடுத்த கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

கப் சில சமயம் வெறுமையாக மேலே போகிறது, சில சமயம் இரண்டு கிழங்கை எடுத்துக்கொண்டு போகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெட்டுவிடுகிறது. என்ன செய்வது?

இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும். ஆகவே வரிசையாகத்தான் போக வேண்டும், முதல் வேலை விதையில்.

கம்பி வலைச் சல்லடை மூன்று செய்துகொள்ளுங்கள், சதுரக் கண் 35, 45, 55 மி.மீ. 35-க்கும் 45-க்கும் இடைப்பட்டது ஒரு குவியல், 45-க்கும் 55-க்கும் இடைப்பட்டது ஒரு குவியல். இரண்டையும் தனித்தனியாக நடுங்கள், கலக்காதீர்கள். பெரிய கிழங்குக்கு அமைந்த கப்பில் சிறியது இரண்டு உட்கார்ந்துவிடும். சிறியதற்கு அமைந்த கப்பில் பெரியது நிற்காமல் உருண்டுவிடும். நிறைய இயந்திரங்களில் கப்புக்குள் போடும் பிளாஸ்டிக் உட்கிண்ணம் உண்டு. சிறிய குவியலை நடும்போது அதைப் போடுங்கள், பெரிய குவியலுக்குக் கழற்றுங்கள். நீளவாக்கில் இருக்கும் ரகங்கள் உருண்டை ரகங்களைவிட அதிகம் தவறும். அவற்றுக்கு வேகத்தைக் குறைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை.

விதை சரியான பிறகு பெல்ட்டின் இறுக்கம். கிழங்கு கொட்டும் பெட்டியான பெரிய ஹாப்பரிலிருந்து கிழங்கு இறங்கும் சின்னக் கிடங்கின் வழியாகக் கப் ஏறும்போது, பெல்ட்டை லேசாகத் தட்டி அதிர வைக்கும் ஒரு பாகம் இருக்கும். ஒட்டிக்கொண்டு வரும் இரண்டாவது கிழங்கை உதிர்ப்பதுதான் அதன் வேலை. அதிர்வு குறைந்தால் இரட்டை வரும், கூடினால் ஒற்றையும் உதிர்ந்து கப் காலியாகும். பெல்ட் தளர்ந்திருந்தால் அது தானே தட்டுத் தடுமாறி அதிரும், அந்த நிலையில் அதிர்வு பாகத்தைத் திருகிப் பயனில்லை. முதலில் பெல்ட்டைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், பிறகு அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மூன்றாவது, கிடங்கில் கிழங்கு நிற்கும் மட்டம். ஹாப்பருக்கும் கிடங்குக்கும் நடுவே ஏற்றி இறக்கும் தகடு இருக்கும். மட்டம் தாழ்ந்தால் கப்புக்குக் கிழங்கு எட்டாது, நிரம்பி வழிந்தால் இரட்டை ஏறும். மேடு பள்ளமான நிலத்தில், இறக்கத்தில் ஓடும்போது கிழங்கெல்லாம் ஒரு பக்கம் சரிந்து கப்பு காலியாக ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள். இறக்கத்தில் தகட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள்.

நான்காவது, வேகம். எல்லாம் சரியாக இருந்தும் தவறினால் அரை கி.மீ. குறைத்துப் பாருங்கள், அதிலேயே பாதிக் கோளாறு தீரும். நூறு கப்பில் காலியும் இரட்டையும் தனித்தனியே ஐந்துக்குள் நின்றால் போதும், அதற்கு மேல் துரத்துவது நேர விரயம். வெற்றிடத்துக்குப் பக்கத்துச் செடி ஓரளவு பரவி ஈடுகட்டிக்கொள்ளும். தொடர்ந்து மூன்று நான்கு கப் காலியாக வந்தால் மட்டும் உடனே நிறுத்திக் கிடங்கைப் பாருங்கள். ஒரு நீளமான கிழங்கோ கல்லோ சாக்கு நூலோ வாயை அடைத்திருக்கும். என்ஜினை அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பெரிய விதைக்கிழங்கை வெட்டி இயந்திரத்தில் போடலாமா?

போடலாம், அவசரப்படக் கூடாது. 60 மி.மீ.-க்கு மேல் உள்ளதை மட்டும் வெட்டுங்கள். துண்டு 40 முதல் 50 கிராம், குறைந்தது இரண்டு கண். சப்பையாகச் சீவாமல் கட்டியாக வெட்டுங்கள், சப்பைத் துண்டு கப்பின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கும். ஒரு கிழங்கை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும்போது கத்தியைக் கிருமிநாசினிக் கரைசலில் முக்குங்கள். இரண்டு கத்தி வைத்துக்கொண்டால் ஒன்று ஊறும்போது மற்றதால் வெட்டலாம். பாக்டீரியா வாடலும் சில வைரஸ்களும் கத்தியின் சாற்றில்தான் ஒரு கிழங்கிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன.

வெட்டு வாய் ஆறித் தோல் கட்ட வேண்டும். 10 முதல் 15 டிகிரி வெப்பமும் நல்ல ஈரக் காற்றும் இருக்கிற இடத்தில், வெயில் படாமல், ஈரச் சாக்கு மூடி, காற்றோட்டம் விட்டு ஒரு வாரம் முதல் பத்து நாள். தடவிப் பார்த்தால் பிசுபிசுப்பு போய்க் காகிதம் மாதிரி காய்ந்திருக்க வேண்டும். அன்று வெட்டி அன்றே நட்டால் ஈர வாய் ஒன்றோடொன்று ஒட்டி இரட்டை இரட்டையாக வரும். டால்க் தூள் தூவினால் ஒட்டுவது குறையும், ஆனால் தூள் தோல் கட்டுவதற்கு மாற்று ஆகாது. மண் வெப்பம் 25 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும், மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும்போதும் வெட்டிய விதையையே நினைக்காதீர்கள், அழுகிவிடும். முழுக் கிழங்கு நடுங்கள்.

கூர் ஊசியால் குத்தி எடுக்கும் பழைய இயந்திரத்தில் வெட்டிய துண்டு நன்றாகவே ஓடும். ஆனால் ஒவ்வொரு ஊசியும் அடுத்தடுத்த கிழங்கைக் குத்துவதால் அழுகல் நோய் இருந்தால் வயல் முழுக்கப் பரப்பிவிடும். விதை எங்கிருந்து வந்தது என்று உறுதியாகத் தெரியாதவர்கள் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது.

முளை விட்ட கிழங்கைப் போட்டோம். பாதி முளை ஹாப்பரிலேயே உதிர்ந்து கிடக்கிறது.

உங்கள் முளை நீளமாகவும் வெளிறியும் இருந்திருக்கும். இருட்டில் வைத்தால் அப்படித்தான் வரும், தொட்டாலே ஒடியும். மெல்லிய வெளிச்சம் படும் இடத்தில், தட்டில் ஒன்று இரண்டு அடுக்காகப் பரப்பி வைத்தால் முளை குட்டையாக, தடித்து, நிறம் ஏறி வரும். கப் இயந்திரத்துக்கு முளை 3 முதல் 5 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும், கண் வெள்ளையாகத் திறந்திருந்தாலே போதும். கையால் போடும் இயந்திரம் ஒரு செ.மீ. வரை தாங்கும். அதற்கு மேல் நீண்டுவிட்டதென்றால் கையால்தான் நட வேண்டும்.

குளிர்பதனக் கிடங்கில் 2 முதல் 4 டிகிரியில் இருந்த விதையை நேராக வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். இரண்டு வாரம் முன்பே வெளியே எடுத்து நிழலில் பரப்பி, வியர்வை காய விடுங்கள். குளிர்ந்த கிழங்கு அடிபட்டால் உள்ளே கறுக்கும், ஈரமாக இருந்தால் கப்பில் ஒட்டும். சாக்கை ஹாப்பரில் கவிழ்க்கும்போது இடுப்பு உயரத்திலிருந்து கொட்டாமல், சாக்கின் வாயை ஹாப்பருக்குள் விட்டு மெதுவாக இழுங்கள். முளை உதிர்வதில் பாதி அங்கேதான் நடக்கிறது.

அறுவடையில் ஒரு பக்கத்துக் கிழங்கு மட்டும் பச்சையாக இருக்கிறது. தோண்டும் இயந்திரமும் அந்தப் பக்கத்தில் கிழங்கை வெட்டிவிடுகிறது. நடவில் பிழையா?

நடவில்தான். கிழங்கு பாரின் (வரிசை மண் மேட்டின்) நடுவில் விழாமல் ஒரு ஓரமாக விழுந்திருக்கிறது. அந்த ஓரத்தில் உருவாகும் கிழங்குக்கு மேல் மண் போதாமல் வெளிச்சம் பட்டுப் பச்சையாகிறது. அப்படிப் பச்சையானதை உண்ணக் கூடாது, சொலனைன் என்ற நச்சு கூடியிருக்கும்.

காரணம் கண்டுபிடிக்க, நட்டவுடன் ஒரு இடத்தில் பாரின் குறுக்கே மண்வெட்டியால் சுவர் மாதிரி நேராக வெட்டுங்கள். கிழங்கிலிருந்து பாரின் இடது அடி வரை எவ்வளவு, வலது அடி வரை எவ்வளவு என்று ஸ்கேல் வைத்து அளங்கள். இரண்டு செ.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிழங்கின் மேல் மண்ணைத் தள்ளி மூடும் டிஸ்க்குகளைப் பாருங்கள். கொழுவின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு டிஸ்க்கும் ஒரே தூரத்தில், ஒரே கோணத்தில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கத்து டிஸ்க்கின் பேரிங் தேய்ந்து ஆடும், அல்லது கல்லில் மோதி அதன் கை வளைந்திருக்கும். கையால் பிடித்து ஆட்டினாலே தெரியும்.

டிஸ்க் சரியாக இருந்தும் கோணல் வந்தால் டிராக்டரின் செக் செயின் தளர்ந்து இயந்திரம் பக்கவாட்டில் அலைகிறது. நடும்போது பக்கத்துக்குப் பக்கம் அசைவு இல்லாத அளவுக்கு இறுக்குங்கள். சரிவில் குறுக்கே ஓட்டினால் இயந்திரம் கீழ்ப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போகும், அதற்கு டிஸ்க்கைத் திருகி மருந்து கிடையாது.

இன்னொரு காரணம் யாரும் கவனிக்காதது. புதுக் கொழு கூரான வி வடிவச் சால் எடுக்கும், கிழங்கு அதன் அடியில் போய் உட்காரும். தேய்ந்த கொழு தட்டையான அடி எடுக்கும், விழுந்த கிழங்கு அதில் உருளும். அப்போது இடைவெளியும் கெடும், நடுவும் கெடும். கொழுவின் நுனி மழுங்கிவிட்டால் வெல்டு வைத்துக் கூராக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

ஆழத்தையும் சொல்லிவிடுகிறோம். கிழங்கின் தலையிலிருந்து சம நில மட்டம் வரை 5 முதல் 8 செ.மீ., அதற்கு மேல் பார் கட்டிய பிறகு மொத்தம் 12 முதல் 15 செ.மீ. மண் இருக்கட்டும். குளிர்ந்த ஈர மண்ணில் மேலோட்டமாகவும், சூடான வறண்ட மண்ணில் சற்று ஆழமாகவும் வையுங்கள். ஆழத்தைத் திருத்த ஆழச் சக்கரத்தைத் திருகுங்கள். டிராக்டரையும் இயந்திரத்தையும் மேலே இணைக்கும் டாப் லிங்க்கைச் சுருக்கினால் கொழு மூக்கு குத்தி ஆழம் கூடும், ஆனால் டிஸ்க் மேலே தூக்கிக்கொண்டு மூடாமல் போகும். டாப் லிங்க்கின் வேலை இயந்திரத்தை மட்டமாக நிறுத்துவது மட்டுமே.

நிலத்தை ரோட்டவேட்டரில் நான்கு முறை ஓட்டிப் பொடியாக்கிவிட்டேன். இது போதும்தானே?

நான்கு முறை அதிகம். மாவு மாதிரி ஆன மண் முதல் மழையிலேயே பட்டை கட்டும், முளை மேலே வரத் திணறும். தேவை 20 முதல் 25 செ.மீ. ஆழத்துக்குப் பொலபொலப்பு, நாலு செ.மீ.-க்கு மேற்பட்ட கட்டி இல்லாமை. ஒரு பிடி மண்ணைக் கொழு போகும் ஆழத்திலிருந்து எடுத்து உருட்டிப் பாருங்கள். உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் நசுங்கினால் இரண்டு நாள் பொறுங்கள். அந்த ஈரத்தில் இறங்கினால் சாலின் பக்கச் சுவர் பூசியது போல் பளபளக்கும், வேர் அதைத் தாண்டாது, தரைச்சக்கரமும் வழுக்கும்.

வரிசை இடைவெளி 60 வைப்பதா, 75 வைப்பதா?

நடவு இயந்திரத்தைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். மண் அணைக்கும் கருவியும் தோண்டும் இயந்திரமும் எத்தனை செ.மீ.-க்கு இருக்கின்றனவோ அதுதான் உங்கள் அளவு. மூன்றும் ஒத்துப் போகாவிட்டால் அறுவடையில் கிழங்கு வெட்டுப்படும்.

அடுத்தது டிராக்டர் சக்கரம். இரண்டு வரிசை இயந்திரத்தில் டிராக்டரின் இடது சக்கர நடுவுக்கும் வலது சக்கர நடுவுக்கும் உள்ள தூரம் வரிசை இடைவெளியைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும்: 60-க்கு 120 செ.மீ., 75-க்கு 150 செ.மீ. அப்போதுதான் சக்கரம் எப்போதும் சாலிலேயே ஓடும், பாரில் ஏறாது. சின்ன டிராக்டரின் சக்கரத்தை 120-க்கு வைக்க முடியும். பெரிய டிராக்டர் அவ்வளவு ஒடுங்காது, 60 செ.மீ.-ல் அதன் அகல டயர் இரண்டு பக்கப் பாரையும் அழுத்திக் கட்டியாக்கும். அப்படிப்பட்டவர்கள் 75-க்குப் போங்கள்.

ஓட்டத்துக்கு ஓட்டம் இடைவெளி மாறாமல் இருக்கக் கோடு போடும் கை, அதாவது மார்க்கர், வேண்டும். 60 செ.மீ. வரிசை, சக்கரம் 120 செ.மீ. என்றால் இயந்திரத்தின் நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளி மார்க்கர் கோடு விழ வேண்டும், அடுத்த ஓட்டத்தில் அந்தப் பக்கத்து முன்சக்கரம் அந்தக் கோட்டிலேயே போகட்டும். ஆனால் அவ்வளவு பக்கத்தில் கோடு போட்டால் டிஸ்க் தள்ளும் மண் அதை மூடிவிடும். எனவே தூரத்துச் சக்கரத்துக்குப் போடுங்கள், நடுவிலிருந்து 180 செ.மீ. முதல் ஓட்டம் மட்டும் கயிறு கட்டி நேராகப் போகட்டும். அது வளைந்தால் வயல் முழுவதும் வளையும்.

எங்களிடம் 12 குதிரைத்திறன் பவர் டில்லர் மட்டும் இருக்கிறது, நிலம் அரை ஏக்கர். எங்களுக்கு ஒரு வழி உண்டா?

உண்டு, பெரிய இயந்திரம் வேண்டாம். பவர் டில்லரில் பார் கட்டும் கொழுவை மாட்டி 60 செ.மீ.-க்கு ஒரு சால் எடுங்கள். பின்னால் நடந்து வருபவர் குனியாமல் இருக்க, இடுப்பு உயரத்துக்கு 90 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்றை எடுத்து, மேல் வாயில் புனல் பொருத்தி, அதன் வழியாகக் கிழங்கைச் சாலில் விடட்டும். 75 மி.மீ. குழாய் வாங்காதீர்கள், நீளமான கிழங்கு குறுக்கே சிக்கும். இடைவெளிக்கு, 32 செ.மீ. விட்டமுள்ள ஒரு சின்னச் சக்கரத்தில் நான்கு முளைக்குச்சி அடித்து சாலில் உருட்டிப் போங்கள், 25 செ.மீ.-க்கு ஒரு குழி பதியும். குழி பதிந்த இடத்தில் குழாயை வைத்து விட்டால் போதும். திரும்பி வரும்போது அதே கொழுவால் மண்ணைத் தள்ளி மூடுங்கள்.

அரை ஏக்கரில் 60 செ.மீ. வரிசை என்றால் மொத்தம் ஏறக்குறைய 3,370 மீட்டர் சால். நிமிடத்துக்கு 15 மீட்டர் என்று நட்டால் நாலு மணிக்குள் கிழங்கு விட்டு முடியும். கையில் குனிந்து நடும் வேலையோடு ஒப்பிட்டால் முதுகு தப்பிக்கும், அதுதான் இதில் பெரிய லாபம்.

உரத்தையும் சேர்த்தே போடும் பெட்டி இயந்திரத்தில் இருக்கிறது. கிழங்கு கருகுமா?

கிழங்கைத் தொட்டால் கருகும். யூரியாவும் குளோரைடு வகைப் பொட்டாஷும் முளையை எரிப்பதில் முன்னால் நிற்பவை. உரக் குழாய் கிழங்கிலிருந்து 5 செ.மீ. பக்கவாட்டிலும் 5 செ.மீ. கீழேயும் உரத்தை விட வேண்டும். கிழங்கு விடும் கொழுவிலேயே உரக் குழாயும் இறங்கினால் அது தவறான அமைப்பு, தனிக் கொழு பொருத்துங்கள்.

அளவைச் சோதிக்க: ஏக்கருக்கு 150 கிலோ போட வேண்டும், வரிசை 60 செ.மீ. என்றால் மீட்டருக்கு 22 கிராம். குழாயின் நுனியில் பை கட்டி 10 மீட்டர் ஓட்டுங்கள், ஒரு வரிசைக்கு 220 கிராம் விழ வேண்டும். இரண்டு வரிசையையும் தனித்தனியாக நிறுங்கள். ஒன்றில் குறைந்தால் குழாயில் உரம் ஈரம் பட்டு இறுகியிருக்கும்.

இயந்திரத்தைத் தூக்கும்போது டிராக்டரின் முன்சக்கரம் மேலெழுகிறது. என்ன செய்யலாம்?

உடனே கவனியுங்கள், ஸ்டியரிங் பிடி போய்விடும். 350 கிலோ இயந்திரத்தில் 150 கிலோ கிழங்கும் 50 கிலோ உரமும் ஏற்றினால் 550 கிலோ. அந்த எடை பின் அச்சிலிருந்து 1.4 மீட்டர் பின்னால் தொங்குகிறது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 1.7 மீட்டர் என்றால் முன் அச்சிலிருந்து 450 கிலோ குறைந்துவிடும். சின்ன டிராக்டரின் முன் அச்சில் இருப்பதே 500, 600 கிலோதான். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னால் நிற்க வேண்டும். முன்பக்க எடைக்கட்டிகள் போடுங்கள், ஹாப்பரைப் பாதி மட்டும் நிரப்புங்கள், சாலையில் காலியாகக் கொண்டுபோய் வயலில் நிரப்புங்கள். இயந்திரம் தூக்கியிருக்கும்போது இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது. வரிசை முடிவில் ஆட்கள் இறங்கி, டிராக்டர் திரும்பி, இயந்திரம் இறங்கிய பிறகு ஏறட்டும்.

கிழங்குச் சாக்கை வயலில் எங்கே வைப்பது? ஒவ்வொரு முறையும் நடுவில் தீர்ந்துபோகிறது.

வரிசை 60, கிழங்கு 25 செ.மீ.-க்கு, ஒன்று 45 கிராம் என்றால் மீட்டருக்கு 180 கிராம். 50 மீட்டர் வரிசை இரண்டுக்கும் சேர்த்து ஒரு ஓட்டத்துக்கு 18 கிலோ. ஹாப்பர் 150 கிலோ பிடித்தால் எட்டு ஓட்டம். எட்டு ஓட்டத்துக்கு ஒருமுறை, ஒரே ஓரத்தில், நிழலில் சாக்கை இறக்கி வையுங்கள். ஏக்கருக்கு 1,215 கிலோ ஆகும். அதே இயந்திரத்தை 20 செ.மீ.-க்கு மாற்றினால் 1,500 கிலோவைத் தாண்டும், விதை வாங்கும்போதே இதை யோசித்துவிடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து ஒரே இயந்திரத்தைப் பகிர்ந்துகொள்கிறோம். நோய் பரவுமா?

மண்ணோடு பரவும். உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழுவின் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், கொழுவில் ஒட்டிய ஒரு கை மண் போதும் அடுத்த வயலுக்குப் போக. பாக்டீரியா வாடலும் அப்படித்தான். ஒவ்வொரு வயலும் முடிந்ததும், அந்த வயலிலேயே, கொழு, டிஸ்க், தரைச்சக்கரம், டயர் எல்லாவற்றிலிருந்தும் மண்ணைச் சுரண்டி, அழுத்த நீரால் கழுவி, பிறகு கிருமிநாசினி தெளியுங்கள். மண் இருக்கும்போது கிருமிநாசினி தெளித்தால் வேலை செய்யாது. கப்புகளையும் ஹாப்பரையும் துடைத்துக் காய வையுங்கள். நோய் தெரிந்த வயலைப் பட்டியலில் கடைசியாக வைத்து ஓட்டுங்கள், நாலு பேரும் இதை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்வது அவசியம்.

நடவு முடிந்து அடுத்த பருவம் வரை இயந்திரத்தை எப்படி வைப்பது?

உரப் பெட்டியைக் காலி செய்து, தண்ணீர் விட்டுக் கழுவி, முழுக்கக் காயவிட்டு உள்ளே எண்ணெய் தடவுங்கள். ஒரு பருவம் உரம் தங்கினால் தகடு ஓட்டை விழும். பெல்ட்டின் இறுக்கத்தைத் தளர்த்துங்கள், ரப்பரில் எண்ணெயும் கிரீஸும் படாமல், வெயில் படாத இடத்தில் நிறுத்துங்கள். இரும்புச் சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு மாட்டுங்கள். பேரிங்குகளுக்குப் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுக் கிரீஸ் அடியுங்கள். கொழு, டிஸ்க் இரண்டிலும் மண் பட்டுப் பளபளக்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவுங்கள். உடைந்த கப், தேய்ந்த கொழு, நீண்டுபோன சங்கிலி என எதை மாற்ற வேண்டுமோ அதை இப்போதே ஒரு தாளில் எழுதி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். பருவம் தொடங்கிய பிறகு உதிரிபாகம் தேடினால் கிடைக்காது.